கவிழ்ந்த பானையில் குடியேறிய அடுக்குத்தேனீக்களைப் பெட்டிக்கு மாற்றுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்கு அருகில் வசிக்கும் ஒருவர், தம் மாட்டுத் தொழுவத்தின் பின்புறம் கவிழ்த்துப் போட்டிருந்த பெரிய மண்பானைக்குள் இரண்டு மாதமாகத் தேனீக்கள் குடியிருப்பதாகவும், பானையின் உடைந்த விளிம்பு வழியாக அவை போய்வருவதாகவும் எழுதியிருக்கிறார். கூட்டத்தைக் கொல்லாமல், கலைக்காமல், மரப்பெட்டிக்கு மாற்ற முடியுமா, அதற்குப் பானையை உடைத்துத்தான் ஆக வேண்டுமா, உள்ளே இருக்கும் தேனை முதலில் எடுத்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

மாற்ற முடியும். பானையை உடைக்க வேண்டியதில்லை, உடைக்கவும் கூடாது. தேனைப் பற்றிய ஆசையை இந்த ஆண்டுக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது புரட்டாசி மாதத் தொடக்கத்தில் என்பதால், இன்னும் மூன்று நான்கு வாரங்கள் பானையைத் தொடாமல் விட்டுவைப்பதே உங்கள் முதல் வேலை. ஏன் என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் காரணம் தெரியாமல் செய்முறையை மட்டும் பின்பற்றுகிறவர்கள் மாற்றிய மூன்றாம் நாள் வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

உங்கள் பானையில் இருப்பது அடுக்குத்தேனீ, அதாவது இந்தியத் தேனீயாகத்தான் இருக்க வேண்டும். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி வாழ்பவை. அவை இருட்டான பொந்துக்குள் வருவதுமில்லை, பெட்டியில் அடைத்தால் தங்குவதுமில்லை. கொசுத்தேனீயாக இருந்தால் வாசலில் பிசினால் செய்த சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கொடுக்கு கிடையாது, அதை வளர்க்கும் முறையும் வேறு. மரப்பொந்து, சுவர் இடுக்கு, பாறைப் பிளவு, கரையான் புற்று, கவிழ்ந்த பானை போன்ற இடங்களில் பல அடைகளை அடுக்கடுக்காகத் தொங்கவிடுவது அடுக்குத்தேனீயின் இயல்பு. ஐயம் இருந்தால் மாலை நேரத்தில் பானையை விரல் முட்டியால் ஒருமுறை மெல்லத் தட்டிக் காதை வைத்துக் கேளுங்கள். கூட்டம் முழுவதும் ஒரே மூச்சில் பாம்பு சீறுவதுபோல் சீறி அடங்கும். அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர்களுக்குப் பிறகு அடையாளம் தவறாது.

இந்தத் தேனீயின் குணத்தில் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பிடிக்காத வீட்டை விட்டு ஓடிவிடும். பெட்டிகளில் வளர்க்கும் வெளிநாட்டு இனமான இத்தாலியத் தேனீ எத்தனை தொல்லை கொடுத்தாலும் பெரும்பாலும் பெட்டியிலேயே கிடக்கும். நம் தேனீ அப்படியன்று. எறும்பு ஏறினால், மெழுகு அந்துப்பூச்சி புகுந்தால், இரை குறைந்தால், அடிக்கடி திறந்து பார்த்தால், ஒரு நாள் காலை பத்து மணிக்கு இராணியையும் அழைத்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பாமல் அவற்றைப் பிடித்து வைக்கும் வலுவான கயிறு தேன் அன்று. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நிறைந்த குஞ்சு அடைதான். தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு பறந்துவிடலாம், குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. ஆகவே குஞ்சு அடைகள் மிகுதியாக இருக்கும் காலத்தில் மாற்றினால் கூட்டம் தங்குகிறது. குஞ்சு குறைந்து கூட்டம் சுருங்கியிருக்கும் காலத்தில் மாற்றினால் ஓடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தக் கணக்கு ஏறக்குறைய இப்படி அமையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் பூ குறைவு, வெளியே போகும் பொழுதும் குறைவு. இராணி முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கூட்டம் பெருகும். ஜனவரி தொடங்கி ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பில் சுரக்கும் மதுரத்தால் தேன் வரத்து உச்சத்துக்குப் போகும். (ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது தேனீ வளர்ப்போருக்கு வெளியே பலருக்குத் தெரியாது.) எனவே ஐப்பசி முதல் வாரத்தில், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்தபின், கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டைகளோடு தேனீக்கள் வரிசையாகத் திரும்புவதைப் பார்த்த மறுநாள் நீங்கள் வேலையைத் தொடங்கலாம். மகரந்தம் குஞ்சுகளின் உணவு. அது மிகுதியாக உள்ளே போகிறதென்றால் உள்ளே குஞ்சு இருக்கிறது.

என் முதல் முயற்சி எப்படித் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில், ஒரு பழைய மரப்பெட்டிக்குள் இருந்த கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்குத் திறந்தேன். தேன் அடைகளை வெட்டி ஒரு பாத்திரத்தில் போட்டுக்கொண்டு, குஞ்சு அடைகளில் இரண்டை மட்டும் சட்டத்தில் (பெட்டிக்குள் அடையைத் தாங்கும் மரச்சட்டம்) கட்டினேன், அதிலும் ஒன்றைத் தலைகீழாக. பிறகு பெட்டியை என் வசதிக்காகக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தேன். அன்று பிற்பகலே கூட்டம் வெளியேறிப் பலாமரக் கிளையில் தொங்கியது. ஏணி தேடிக்கொண்டு வருவதற்குள் அங்கிருந்தும் போய்விட்டது. பருவம், நேரம், அடையின் திசை, பெட்டியின் இடம், உணவு ஆகிய ஐந்திலும் ஒரே நாளில் தவறியவன் நான். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பலாமரத்தடியில் நின்றபோது தொடங்கிய பாடம்.

பெட்டி நியூட்டன் பெட்டியாகவோ மார்த்தாண்டம் வகைப் பெட்டியாகவோ இருக்கலாம். இவை நம் தேனீயின் உடலளவுக்கு ஏற்பச் சிறிதாக அமைந்தவை. நியூட்டன் பாதிரியார் 1911–17 காலத்தில் தென்னிந்தியாவில் இந்தப் பெட்டியை வடிவமைத்து, கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஊரகப் பணி இந்தத் தொழிலைக் குடிசைத் தொழிலாகப் பரப்பியது. நியூட்டன் பெட்டியின் புழு அறையில், அதாவது குஞ்சு அடைகள் இருக்கும் கீழ்ப்பகுதியில், ஏழு சட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றின் உள்ளளவும் சுமார் 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம். பானைக் கூட்டம் ஒன்றுக்கு இது போதும். இத்தாலியத் தேனீக்கான பெரிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். சட்டங்களுக்கு இடையிலான இடைவெளி நம் தேனீக்கு மிகையாகி, குறுக்கும் நெடுக்குமாக அடை கட்டிவிடும். பெட்டி புதியதாக இருந்தால் பெயின்ட் வாசனை போகும்வரை வெயிலில் வைத்து, உட்புறத்தில் தேன்மெழுகைத் தேய்த்துவையுங்கள். அதன்மேல் வைக்கும் தேன் அறையை இப்போது பொருத்த வேண்டாம். சிறிய, இருட்டான, அடக்கமான இடமே கூட்டத்துக்குப் பிடிக்கும்.

அன்றைக்குத் தேவையானவை அதிகமில்லை. முகவலை, புகைப்பான், மெல்லிய நீளமான கத்தி, தண்ணீரில் ஊறவைத்த வாழைநார், ஒரு முறம் அல்லது பலகை, மூடியுள்ள பாத்திரம், ஈரத்துணி, டார்ச் விளக்கு, இராணியைப் பிடித்து வைக்க ஒரு சிறு கூண்டு. கூண்டு இல்லையென்றால் துளையிட்ட தீப்பெட்டி போதும். புகைக்குக் காய்ந்த தேங்காய் மட்டையே சிறந்தது. எங்கள் பக்கத்தில் கதம்பை என்போம். பழைய டயரையோ எண்ணெய்த் துணியையோ கொளுத்த வேண்டாம். கருமையான உடை, வியர்வை, நறுமண எண்ணெய் மூன்றும் தேனீயைச் சினமூட்டும். வாழைப்பழம் தின்றுவிட்டுப் போகாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. கொடுக்கிலிருந்து வெளியாகும் அபாய மணத்தின் முக்கியப் பொருளே பழுத்த வாழைப்பழத்தின் மணத்திலும் உண்டு.

மாலை நான்கு மணிக்குத் தொடங்குங்கள். வெளியே போன தேனீக்கள் திரும்பத் தொடங்கியிருக்கும். வேலை முடியும்போது இருட்டிவிடுவதால், கலங்கிய கூட்டம் உடனே கிளம்பிப் போக முடியாமல் ஓர் இரவை உள்ளே கழிக்க நேரும். அந்த ஓர் இரவு உங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் இருட்டியபின் தொடங்கக் கூடாது. இருட்டில் தேனீ பறக்காது, ஊர்ந்து உடையின் மேல் ஏறிக் கொட்டும்.

இனி, பானையைத் திருப்பும் கட்டம். இதில்தான் பலர் தவறுகிறார்கள். பானை கவிழ்ந்திருப்பதால் அடைகள் எல்லாம் பானையின் அடிப்பகுதியிலிருந்து, அதாவது இப்போது மேலே இருக்கும் வளைவிலிருந்து, தொங்கிக்கொண்டிருக்கின்றன. பானையைச் சட்டென்று நிமிர்த்தினால், குஞ்சும் தேனும் நிறைந்த கனமான அடைகள் மெல்லிய மெழுகுப் பிடிமானம் முறிந்து சரியும்; இராணியும் நூற்றுக்கணக்கான தேனீக்களும் நசுங்கி, தேனில் மூழ்கிப் போகும். ஆகவே முதலில் விளிம்பில் ஒரு ஆப்பைச் செருகி இரண்டு விரற்கடை மட்டும் தூக்குங்கள். இரண்டு முறை மெல்லப் புகை கொடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து, டார்ச் விளக்கால் கீழிருந்து பாருங்கள். அடைகள் எந்தத் திசையில் நீண்டிருக்கின்றன என்பது தெரியும். அடைகள் கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் பானையையும் கிழக்கிலோ மேற்கிலோதான் சாய்க்க வேண்டும். அப்போது ஒவ்வொரு அடையும் செங்குத்தாகவே இருந்து, தன் ஓரத்தின்மேல் நிற்கும். வடக்கிலோ தெற்கிலோ சாய்த்தால் அடைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிடும். அலமாரியில் நிற்கும் புத்தகங்களை முதுகின்மேல் சாய்ப்பதற்கும் அட்டையின்மேல் சாய்ப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பிடித்து, மெதுவாக, பாதி சாய்ந்ததும் ஒருமுறை நிறுத்தி, பானையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, உருளாமல் இருபுறமும் செங்கல் முட்டுக் கொடுங்கள்.

புகையைக் கஞ்சத்தனமாகவே கொடுங்கள். இத்தாலியத் தேனீக்குக் கொடுப்பதுபோல் ஊதினால் நம் தேனீ அடையை விட்டு ஓடி மூலையில் குவியும். இராணியும் அந்தக் குவியலுக்குள் மறைந்துவிடும்.

பானை வாய் இப்போது உங்கள் பக்கம் பார்த்திருக்கும். ஓரத்தில் உள்ள அடையிலிருந்து தொடங்குங்கள். அதில் பெரும்பாலும் தேன் மட்டுமே இருக்கும். அதன்மேல் உள்ள தேனீக்களை இறகாலோ ஒரு கொத்து மென்மையான புல்லாலோ பானைக்குள்ளேயே தள்ளிவிட்டு, ஒட்டியிருக்கும் இடத்தில் கத்தியை விட்டு அறுத்து, உள்ளங்கையில் தாங்கி வெளியே எடுத்து மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். அறுத்த தேன் அடையைச் சட்டத்தில் கட்டுவதில் பயனில்லை. தேன் கசிந்து எறும்பை அழைக்கும், கனத்தில் அடை சரியும். குஞ்சு அடைகளின் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மெழுகு மூடிய தேன் இருந்தால் அதை மட்டும் விட்டுவையுங்கள். அதுதான் அவற்றின் முதல் வாரத்துக் கட்டுச்சோறு.

அடுத்து வரும் குஞ்சு அடை ஒவ்வொன்றையும் அறுத்து எடுக்கும்போதே எது மேல்பக்கம் என்று கத்தி முனையால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். அடையிலுள்ள சிறு அறைகள் மேல்நோக்கிச் சற்றுச் சரிவாக அமைந்தவை. தலைகீழாகக் கட்டினால் அந்தச் சரிவு மாறிப்போகும், தேனீக்கள் அந்த அடையைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பலகையில் இரண்டு மூன்று வாழைநார்களைக் குறுக்காக விரித்து, அதன்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் அடங்கும்படி அடையை வெட்டி, மேல்விளிம்பு மேல்கட்டையை நன்றாகத் தொடும்படி பொருத்தி, நாரைச் சுற்றி முடிந்துவிடுங்கள். நைலான் நூல் வேண்டாம். வாழைநாரைத் தேனீக்களே சில நாளில் கடித்து இழுத்து வெளியே போட்டுவிடும். பானையில் எந்த வரிசையில் அடைகள் இருந்தனவோ அதே வரிசையில் பெட்டியின் நடுவில் நெருக்கமாக வையுங்கள், இருபுறமும் வெற்றுச் சட்டம் வரட்டும். ஆண்தேனீ அறைகளின் மூடி நடுவில் ஊசி குத்தியது போன்ற துளை இருக்கும். அது இந்தத் தேனீயின் இயல்பு. அதை நோய் என்று நினைத்து நல்ல அடைகளை வெட்டி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான நோய் வேறு. 1991–92இல் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் அழித்தது. மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போர் பலர் அத்துடன் தொழிலையே விட்டார்கள். மூடாத அறைகளில் புழு முழுதாக வளர்ந்தபின் தலையை மேலே தூக்கியபடி செத்துக் கிடந்து, ஊசியால் எடுத்தால் நீர் நிறைந்த சிறு பைபோல் வந்தால் அதுதான். அப்படிப்பட்ட அடைகளைப் பெட்டிக்குள் வைக்காமல் எரித்துவிடுங்கள். அதே காரணத்துக்காக, எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனை எந்தக் கூட்டத்துக்கும் உணவாகக் கொடுக்காதீர்கள்.

அடைகளை எடுக்கும்போது கண்கள் இராணியைத் தேடிக்கொண்டே இருக்கட்டும். அது மற்றவற்றைவிட நீண்ட வயிறும் கருமை கலந்த நிறமும் கொண்டது, வெளிச்சத்தைக் கண்டால் அடையின் மறுபக்கம் ஓடி ஒளியும். கண்ணில் பட்டால் இறக்கையைப் பிடித்துக் கூண்டிலோ தீப்பெட்டியிலோ இட்டு, நடுச்சட்டங்களுக்கு இடையில் வையுங்கள். எல்லாம் முடிந்தபின் திறந்துவிடலாம். கண்ணில் படவில்லையென்றாலும் பதற வேண்டாம். அடைகளை எல்லாம் எடுத்தபின் மீதிக் கூட்டம் பானையின் உள்வளைவில் கொத்தாகத் தொங்கும், இராணி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். கையால் குவித்து மெல்ல அள்ளிச் சட்டங்களின் மேல் விடுங்கள். மீதியைப் பெட்டி வாசலின் முன் விரித்த துணியில் உதறுங்கள். சில நிமிடங்களில் வாசலில் நின்று பின்புறத்தை உயர்த்திச் சிறகடிக்கும் தேனீக்களைப் பார்ப்பீர்கள். மணம் பரப்பி மற்றவற்றை அழைக்கும் செயல் அது. துணியில் கிடப்பவை வாசலை நோக்கி அணிவகுத்து நடந்தால் இராணி உள்ளே இருக்கிறது. மாறாக எல்லாம் திரும்பப் பானைக்கே போனால் இராணி அங்கே இருக்கிறது, மறுபடி அள்ளுங்கள்.

பெட்டி, பானை இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில், அதே திசை நோக்கி இருக்க வேண்டும். தேனீ தன் வீட்டைப் பெட்டியின் தோற்றத்தால் அடையாளம் காண்பதைவிட இடத்தால்தான் அடையாளம் காண்கிறது. தொழுவத்தின் பின்புறம் உங்களுக்கு வசதியில்லை என்றால், இரண்டு வாரம் கழித்து நாளுக்கு ஓர் அடி வீதம் நகர்த்துங்கள், அல்லது இரவில் வாசலை அடைத்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு தோட்டத்துக்கு எடுத்துப் போங்கள். பெட்டியின் தாங்கிக் கால்களை நீர் நிரப்பிய சிரட்டைகளில் நிறுத்துங்கள்; எறும்பு ஏறிய பெட்டியில் இந்தத் தேனீ இரண்டு நாள்கூடத் தங்காது.

வாசலில் இராணித் தடுப்பு வாயிலை நான்கைந்து நாள் பொருத்தி வைப்பது நல்லது. பணித்தேனீ போய்வரும், இராணி வெளியேற முடியாது, இராணி இல்லாமல் கூட்டமும் கிளம்பாது. ஆனால் அடைகளில் முட்டை ஒன்றுகூட இல்லாமல், வெடித்துத் திறந்த இராணி அறை தென்பட்டால் உள்ளே இருப்பது இணை சேராத இளம் இராணி. அது வெளியே பறந்து இணை சேர்ந்தாக வேண்டும் என்பதால் தடுப்பைப் பொருத்தக் கூடாது.

மறுநாள் மாலை முதல் ஒரு வாரம், சம எடைச் சர்க்கரையும் நீரும் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகை நாளுக்கு ஒரு டம்ளர் அளவு, சிறு குச்சிகள் மிதக்கவிட்ட சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே சிந்தினால் எறும்பும் பக்கத்துக் கூட்டத்துத் திருட்டுத் தேனீக்களும் வரும். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆவலை ஏழு நாள் அடக்குங்கள். வாசலைப் பார்த்தாலே போதும்: மூன்றாம் நாள் மகரந்தம் உள்ளே போனால் கூட்டம் தங்க முடிவு செய்துவிட்டது. ஏழாம் நாள் திறந்து, ஒட்டிய அடைகளில் மிஞ்சிய நாரை நீக்கி, அடிப்பலகையில் விழுந்த மெழுகுத் துகளைத் துடைத்து எடுங்கள். அந்தத் துகளில்தான் அந்துப்பூச்சி முட்டையிடும். அறைக்கு ஒன்றாக முட்டை நின்றால் இராணி நலம். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் இராணி இறந்து பணித்தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன; அப்போது வேறொரு பெட்டியிலிருந்து இளம் புழுவும் முட்டையும் உள்ள சட்டம் ஒன்றை வாங்கி வைத்துப் பார்க்கலாம். இதை விரைந்து செய்யுங்கள், இந்தத் தேனீயில் அந்த நிலை வெகு சீக்கிரம் முற்றிவிடும்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சீவி எடுத்து, அந்த இடத்தில் சிறிது புகை காட்டுங்கள், மணம் பரவாது. கொட்டிய இடத்தில் வீங்குவது இயல்பு. உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், வாந்தி, தலைச்சுற்றல் இவற்றில் எது வந்தாலும் வேலையை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பு அப்படி வந்தவர் இந்த வேலைக்கே வரக்கூடாது.

பானையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மெழுகை முழுதும் சுரண்டாமல் ஒரு பூச்சு அளவுக்கு விட்டு, அந்த இரவே வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்; வெளியே கிடந்தால் தேனீக்கள் பழைய வீட்டுக்கே திரும்பப் பார்க்கும். கார்த்திகை, மார்கழியில் கூட்டங்கள் பிரியும் காலம் வரும்போது, வாயை ஒரு பலகையால் மூடி, ஒரு விரல் நுழையும் துளை மட்டும் விட்டு, தென்னையிலோ மாமரக் கவையிலோ நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய மெழுகு மணம் உள்ள பானையைப் பிரிந்து வரும் கூட்டம் தேடி வருவதுண்டு. வந்தால் இரண்டாவது பெட்டிக்கு ஆள் கிடைத்துவிடும். அதுவும் வந்த ஒரு வாரத்துக்குள், அடைகள் வெண்மையாகவும் சிறிதாகவும் இருக்கும்போதே மாற்றிவிட்டால் வேலை பாதிதான்.